இளங்கோவனின் இரண்டாம் வேலை

ஊசி உள்ளே போனதும் ரத்தம் குழாயில் ஏறியது. சரியாகப் போட்டுவிட்டோம் என்றுதான் இளங்கோவன் நினைத்தான். மெஷினை ஓடவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பும்போது, "யா அல்லா!" என்று அலறினார் அப்துல் சத்தார். அவருடைய இடது கையில், முழங்கைக்கு மேலே, சதை உருண்டு திரண்டு வீங்கிக்கொண்டிருந்தது. ஊசி ரத்தக்குழாயைத் துளைத்து மறுபக்கம் போயிருந்தது. குழாய்க்குள் போக வேண்டிய ரத்தம் தோலுக்கடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

"பம்ப்பை நிறுத்துங்கண்ணா! நிறுத்துங்க!"

எதிர்க் கட்டிலிலிருந்து ஓடிவந்த கலாவதி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மெஷினை நிறுத்தி, ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள். ஐஸ் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள். இளங்கோவன் ஐஸ் எடுக்க ஓடினான். திரும்பி வந்து கொடுக்கும்போது அவன் கை நடுங்கியதை அந்த அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கைதான் உயிர். ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்து, அது தடித்து வலுவாகும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகுதான் ஊசி போடுவார்கள். அது கெட்டுப்போனால் மறுபடி ஆபரேஷன், மறுபடி காத்திருப்பு. சத்தார் பாய்க்கு இது தெரியும். இளங்கோவனுக்கும் தெரியும்.

வலி அடங்கியதும் சத்தார் பாய் தலையைத் தூக்கினார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஜரிகைக் கடை வைத்திருந்தவர். இளங்கோவன் முன்பு என்ன வேலை பார்த்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நான் இன்னா புடவையாபா? கிழிஞ்சிட்டா வேற ஒண்ணு எடுத்து விரிச்சிக் காட்டறதுக்கு? இந்தாம்மா கலாவதி, இனிமே இவன் என் கட்டில் பக்கமே வரக்கூடாது. சொல்லிட்டேன்."

கலாவதி ஐஸை வீக்கத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

இளங்கோவன் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவன். மீசை அரும்பும் வயதில் சேர்ந்து, தலை நரைக்கத் தொடங்கும்வரை மெத்தைமேல் உட்கார்ந்து புடவை விரித்தவன். கல்யாணப் பெண்ணுக்கு எந்த நிறம் எடுக்கும், எந்த மாமியார் விலை கேட்டு எழுந்துபோவாள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்த வேலையில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவன் மாமனார் சாமுவேலுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் இரண்டு முறை அவரை டயாலிசிஸுக்கு வண்டியில் வைத்து அழைத்துப் போனவன் இளங்கோவன்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பான். வெளிறிய முகத்தோடு உள்ளே போகிற மனுஷன், மாலையில் "இன்னாடா மாப்ளே, ஒரு டீ சாப்ட்டுப் போலாமா?" என்று கேட்டபடி வெளியே வருவார். உள்ளே ஊசி போட்டுக் குழாய் மாட்டுகிறவர்கள் டாக்டர்கள் அல்ல, படித்துப் பழகிய டெக்னீஷியன்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சாமுவேல் இறந்து அடக்கம் முடிந்த பிறகும் அந்தக் கண்ணாடிக் கதவு அவன் மனதைவிட்டுப் போகவில்லை.

வேலையை விட்டுவிட்டு டிப்ளமோ சேர்ந்தான். அவன் வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். முதல் நாள் அவனை வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். படித்து முடித்தால் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிகளே கூப்பிட்டு வேலை கொடுக்கும் என்று சேர்க்கும்போது சொல்லியிருந்தார்கள். கூப்பிடத்தான் செய்தார்கள், அந்தப் பிள்ளைகளை. இவன் வயதைப் பார்த்ததும் "சொல்லி அனுப்பறோம் சார்" என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

பல மாதம் அலைந்த பிறகுதான் ஊருக்குள்ளேயே ஓர் அறக்கட்டளை நடத்தும் இந்தச் சின்ன டயாலிசிஸ் சென்டரில் இடம் கிடைத்தது. இங்கே சீனியர் டெக்னீஷியன் கலாவதி. அவனைவிட வெகு இளையவள். மரியாதைக்கு "அண்ணா" என்பாள். வேலையில் தப்பு நடந்தால் அண்ணன் என்றும் பார்க்கமாட்டாள்.

சத்தார் பாயின் கை வீங்கியது முதல் தவறு அல்ல. அதற்கு முன்பே இரண்டு பேருக்கு ஊசி தவறியிருந்தது. அன்று சாயங்காலம் கலாவதி அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"கொஞ்ச நாளு ஊசி வேணாண்ணா. பில்டர் கழுவுற ரூமைப் பாத்துக்குங்க. மெஷின் செட் பண்ணுங்க. நானே சொல்றேன் அப்புறம்."

பின்பக்க அறையில், மருந்து நெடி கண்ணை எரிக்க, ரத்தம் சுத்தம் செய்யும் பில்டர்களைக் கழுவி அடுக்கினான் இளங்கோவன். வாரங்கள் போயின. கலாவதி ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் சேர்ந்த பையன் ஊசி போட ஆரம்பித்தான். சத்தார் பாய் வரும் நாட்களில், அவர் கண்ணில் படாமல் சுவரோரமாகவே நடப்பான். அவர் மனைவி ஜுபைதா மட்டும், "இன்னா தம்பி, சாப்ட்டியா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி அவனை இன்னும் கூசவைத்தது.

கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் பழைய கடை முதலாளி போன் செய்தார்.

"தை முகூர்த்தத்துக்கு ஆள் இல்லப்பா. உன்னையே கேட்டுக்கினு வர்றாங்க. அந்த ஊசி குத்துற வேலை போதும், வந்துடு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லு."

ஐயம்பேட்டை வீட்டுக்குப் போனதும் மனைவி மேரியிடம் சொன்னான். அவள் ஏனாத்தூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயம்மாவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் படித்த காலமெல்லாம் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். ஈரத் துணிகளை வீட்டுக்குள் கட்டிய கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீங்க இன்னா நினைக்கிறீங்க?"

"போயிடலாம்னு இருக்குது மேரி. எனக்கு இது வராது. ஊசியைக் கையில எடுத்தாலே அந்தாளு கையி வீங்குனதுதான் கண்ணுல வருது."

"பொடவை விக்கறது புடிச்சிருக்குதுன்னா போங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா அந்தக் கையி வீங்குச்சுன்னு சொல்லிப் போவாதீங்க. அப்புறம் காலத்துக்கும் அதையே சொல்லிக்கினு இருப்பீங்க."

அவனளவில் போவதென்று முடிவாகியிருந்தது. மேரியிடம் வாய்விட்டு ஒத்துக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை புயல் சின்னம் என்றார்கள். காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு மழை ஊற்றியது. ஊசி போடும் அந்தப் பையன் வரவில்லை. அவன் வரும் பாதையில் ஏரி உபரி நீர் ரோட்டின்மேல் ஓடியது. பகல் ஷிப்டுக்குக் கலாவதியும் இளங்கோவனும்தான். ஐந்து கட்டிலிலும் ஆள் இருந்தார்கள். டயாலிசிஸை ஒருநாள் தள்ளிப்போட முடியாது என்பதால் மழையிலும் நனைந்துகொண்டு வந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் கலாவதியே ஊசி போட்டாள்.

மதியத்துக்கு மேல், கூரத்திலிருந்து வரும் தணிகாசலம் "தல சுத்துதும்மா" என்றார். பிரஷர் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கலாவதி அவர் கட்டிலைத் தலைப்பக்கம் தாழ்த்தி, சலைனைத் திறந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் கரண்ட் போனது.

கரண்ட் போவது அங்கே புதிதில்லை. இரண்டு மூச்சு விடுவதற்குள் ஜெனரேட்டர் உறுமும். அன்று உறுமவில்லை. வெளியே வாட்ச்மேன் ஜான்சன் அதோடு மல்லுக்கட்டுவது கேட்டது. பிறகு அவன் குரல் மட்டும் மழைக்குள்ளிருந்து வந்தது.

"தண்ணி ஏறிடுச்சு மேடம்! ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது!"

மூன்று மெஷின்கள் பேட்டரியில் பீப் பீப் என்று கத்திக்கொண்டே ஓடின. பழைய மெஷின்கள் இரண்டும் சத்தமில்லாமல் அணைந்துபோயின. ஒன்று சத்தார் பாயுடையது. இன்னொன்று கடைசிக் கட்டிலில் இருந்த பிரேம்நாத்துடையது. அவன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய வயதில் இங்கே வந்தவன். ஏற்கெனவே ரத்தம் குறைவு. மெஷின் நின்றால் உடம்புக்கு வெளியே குழாயிலும் பில்டரிலும் இருக்கிற ரத்தமும் நின்றுவிடும். நின்ற ரத்தம் உறையும். உறைந்தால் திரும்ப உள்ளே அனுப்ப முடியாது.

"அண்ணா!" தணிகாசலத்தின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே கத்தினாள் கலாவதி. "நான் இவரை விட்டுட்டு வர முடியாது. பழைய மெஷின் ரெண்டையும் கையால சுத்தி ரத்தத்தை ஏத்துங்க. சீக்கிரம்!"

இளங்கோவன் நின்றிருந்தது சத்தார் பாயின் கட்டிலருகில். மெஷினுக்குப் பின்னால் மாட்டியிருந்த, பம்ப்பைக் கையால் சுற்றுவதற்கான கைப்பிடியை உருவி எடுத்தான்.

"நீ தொடாதே," என்றார் சத்தார் பாய். இருட்டில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. "கலாவதி வரட்டும்."

"அவங்க வர்றதுக்குள்ள ரத்தம் ஒறைஞ்சிடும் பாய்."

"ஒறையட்டும். நீ தொடாதே. ஒரு தடவை இந்தக் கையைக் கெடுத்தது போதாதா?"

"பாய், இதுல ஊசி போடுற வேலை இல்ல. இருக்கிற ரத்தத்தைத் திருப்பி அனுப்பறதுதான்."

"அரே, சொன்னா கேளுபா!"

இளங்கோவன் கடைசிக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். இவரை விட்டு அங்கே ஓடலாமா? ஓடினால் இவர் ரத்தம் போகும். நின்றால் பிரேம்நாத்தின் ரத்தம் போகும். ஒரு காலை எடுத்துவைத்துவிட்டு மறுபடி நின்றான். கைப்பிடி அவன் உள்ளங்கையில் வழுக்கியது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜுபைதா எழுந்து வந்தாள். போனில் டார்ச்சைப் போட்டுக் குழாயின்மேல் பிடித்தாள். கணவரைப் பார்க்கவே இல்லை.

"நீ சுத்து தம்பி. இவரு கெடக்கறாரு."

இளங்கோவன் கையிலிருந்து ரத்தம் வரும் சிவப்புக் குழாயை இறுக்கி மூடி, சலைனோடு இணைத்தான். ரத்தம் திரும்பிப் போகும் நீலக் குழாயை மெஷினின் கவ்வியிலிருந்து விடுவித்தான். கரண்ட் இருந்தால் குழாயில் காற்று வந்ததும் அந்தக் கவ்வி தானே மூடிக்கொள்ளும். இப்போது காற்றைப் பார்க்க அவன் கண்தான். காற்று தப்பி உள்ளே போனால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

கைப்பிடியைப் பம்ப்பில் மாட்டிச் சுற்றினான்.

"மெதுவா! மெதுவாண்ணா!" கலாவதி அங்கிருந்தே கத்தினாள்.

மெதுவாகச் சுற்றினான். குழாயில் இருண்டு நின்ற ரத்தம் நகர்ந்தது. பின்னாலேயே சலைன் வந்தது. சிவப்பு வெளுத்து ரோஸ் ஆனது. சத்தார் பாய் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜுபைதா என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். டார்ச் மட்டும் ஆடவில்லை. அந்த வெளிச்சத்தில், ரோஸ் நிறத்துக்குப் பின்னால், ஏதோ மினுங்கியது.

குமிழியா, வெளிச்சமா என்று யோசிக்க அவன் காத்திருக்கவில்லை. சுற்றுவதை நிறுத்திக் குழாயைக் கிளிப் போட்டு இறுக்கினான். குமிழிதான். கைக்குப் போகும் ஊசிக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தது.

"கொஞ்சம் ரத்தம் குழாயிலயே நின்னுடுச்சு பாய். பரவால்ல," என்றான். அவனுக்கே அவன் குரல் கேட்கவில்லை.

அடுத்த நிமிஷம் பிரேம்நாத்தின் கட்டிலுக்கு ஓடினான். கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். இறுகிக்கொண்டு வந்தது. ஜுபைதாவும் டார்ச்சோடு பின்னாலேயே வந்திருந்தாள். வெளிச்சத்தில் பார்த்தால் பில்டர் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது.

"மேடம், இது சுத்த மாட்டேங்குது!"

"விட்டுடுங்க! தள்ளாதீங்க, கட்டி உள்ள போயிடும்! ரெண்டு பக்கமும் மூடிட்டு ஊசியை எடுத்துடுங்க!"

மூடினான். ஊசிகளை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். பிரேம்நாத் அவன் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாண்ணா ஆச்சு?"

இளங்கோவனுக்கு வேறு யாராவது சொல்லட்டும் என்று ஒரு நொடி தோன்றியது. வேறு யாரும் இல்லை.

"வெளிய இருந்த ரத்தம் ஒறைஞ்சிடுச்சுபா. உனக்குத் திருப்பிக் குடுக்க முடியல. நான் லேட்டா வந்துட்டேன். டாக்டருக்குப் போன் பண்றோம். ரத்தம் ஏத்த வேண்டி இருக்கும்."

பிரேம்நாத் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு கட்டில் தள்ளி, சத்தார் பாய் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தணிகாசலம் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். பேட்டரியில் ஓடிய மெஷின்களையும் அது தீர்வதற்குள் கலாவதியும் அவனுமாக முடித்துவைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்து பிரேம்நாத்தை ஏற்றிக்கொண்டு போனது. அவனுக்கு ரத்தம் ஏற்றினார்கள், தேறி வந்துவிட்டான். ஆனால் அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மழைக்குள் அவன் போனதை இளங்கோவன் வாசலில் நின்று பார்த்தான்.

மறுநாள் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். "ஒருத்தருக்கு மட்டும் எப்படி உறைஞ்சுது?" என்று கேட்டார்.

"நான் முடிவு பண்றதுக்கு நேரமாக்கிட்டேன் சார்," என்றான் இளங்கோவன்.

"ஜெனரேட்டர் ஓடியிருந்தா அவர் முடிவே பண்ண வேண்டியிருக்காது சார்," என்றாள் கலாவதி. வந்தவர் அதற்குமேல் அவனைக் கேட்கவில்லை. யாரும் அவனைப் பாராட்டவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கடை முதலாளிக்குப் போன் போட்டான். "வரலைங்க" என்றான். அவர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். மேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா திடீர்னு?"

"அந்தப் பையன் இன்னாண்ணா ஆச்சுன்னு கேட்டான் மேரி. நான் வேலை தெரிஞ்சவனா இருந்தா அந்தப் பாய் என்கிட்ட மல்லுக்கு நின்னிருக்கமாட்டாரு. அவனுக்கும் ரத்தம் போயிருக்காது. இதை இப்படியே விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

அன்றே கலாவதியிடம் போய் நின்றான். "எனக்கு ஊசி கத்துக் குடுங்க மேடம். எங்க தப்பு பண்றேன்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். யார் கையைக் கொடுப்பார்கள்? கட்டிலில் கிடந்த தணிகாசலம்தான் பேசினார். "ஏன்மா, என் கையி இல்ல? மரக்கட்டை மாரி இருக்குது. குத்திக்கட்டும்."

கலாவதி பக்கத்தில் நின்று, அவன் விரல்களையே பார்த்தாள். முதல் ஊசியிலேயே தவறைப் பிடித்துவிட்டாள்.

"ரத்தம் தெரிஞ்சதும் பயந்துக்கினு இன்னும் ஒரு தள்ளு தள்ளுறீங்கண்ணா. அதுதான் மறுபக்கம் போயிடுது. ரத்தம் வந்ததும் ஊசியைப் படுக்க வைங்க. அப்புறம்தான் உள்ள விடணும்."

கேட்பதற்கு எளிதாக இருந்தது. கை கேட்கவில்லை. அடுத்த வாரமே தணிகாசலத்துக்கும் வீங்கியது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. இளங்கோவன் பின்பக்க அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினான். மறுபடி கழுவினான். பிறகு வெளியே வந்து அடுத்த கட்டிலுக்கு மெஷினைத் தயார் செய்தான். அதற்கடுத்த முறை தணிகாசலம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார்.

தை முகூர்த்தம் முடிந்து, பங்குனி உற்சவக் கூட்டத்தில் ஊர் நெரிந்தபோது, இளங்கோவன் நான்கு பேருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தான். எப்போதாவது தவறியது. தவறும்போது கை நடுங்குவது நின்றிருந்தது. பிரேம்நாத்துக்கும் அவன்தான் போட்டான். சத்தார் பாய் மட்டும் கலாவதியையே கேட்டார். ஆனால் டயாலிசிஸ் முடிந்து ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்க இளங்கோவன் வந்தால், வேண்டாம் என்று சொல்வதை விட்டிருந்தார். அந்தப் புயல் நாளைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

ஆடி மாதம் பாயின் இடது கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையில் புதிதாக ஆபரேஷன் செய்தார்கள். அது தயாராகும்வரை கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் நடந்தது. அதற்குள் கலாவதி வேலூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டாள். புதுக் கையில் முதல் ஊசி போடுவது அனுபவசாலிகளே தயங்கும் வேலை. ரத்தக்குழாய் இளசாக இருக்கும். கொஞ்சம் பிசகினாலும் போச்சு. டாக்டர், "இளங்கோவன் போடட்டும்," என்று எழுதிவிட்டுப் போனார்.

சத்தார் பாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜுபைதா. இளங்கோவன் கையுறை மாட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"தப்பிப் போவாதுன்னு சத்தியம் பண்ண முடியாது பாய். புதுக் கையி. சின்ன ஊசிதான் போடுவேன். வேற ஆளு வேணும்னா சென்னைக்குத்தான் போவணும். நான் டாக்டர்கிட்ட பேசறேன்."

சத்தார் பாய் அவன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பையன் ரத்தம் போனதுக்கு நான்தான் காரணம்னு விசாரிக்க வந்தவர்கிட்டகூட நீ சொல்லலியாமே. கலாவதி சொல்லிச்சுன்னு ஜுபைதா சொன்னா."

"நான்தான பாய் நின்னுக்கினு இருந்தேன்."

பாய் வலது கையை நீட்டித் தலையணைமேல் வைத்தார்.

இளங்கோவன் விரலை வைத்துத் தோலுக்கடியில் அதிர்வு ஓடும் இடத்தைத் தேடினான். மேலே கட்டு இறுக்கினான். மருந்து தடவிக் காயவிட்டான். ஊசியை வைத்தான். தோல் விட்டுக்கொடுத்தது, ரத்தம் எட்டிப் பார்த்தது. தள்ளாமல் நின்றான். ஊசியைப் படுக்கவைத்து, மெல்ல உள்ளே விட்டான். வீங்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டினான்.

ரத்தம் திரும்பிப் போவதற்கான இரண்டாவது ஊசி ஏறவில்லை. தேடினான். பாயின் விரல்கள் போர்வையை இறுக்கிக்கொண்டன.

"தூ, இன்னாபா இது!" என்றார் சத்தார் பாய்.

"வெளிய எடுத்துட்டு வேற எடத்துல போடறேன் பாய். கொஞ்சம் பொறுங்க."

எடுத்தான். அழுத்திப் பிடித்தான். பாய் இன்னும் இரண்டு வார்த்தை திட்டினார், ஜுபைதா அவரை அதட்டினாள். ஆனால் கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. தலையணைமேல் அப்படியே வைத்திருந்தார். இளங்கோவன் புது ஊசியைப் பிரித்தான்.